எட்வேட்டின் காய்ச்சல்

என் தம்பி அகஸ்ரின் எதை எழுதினாலும் சொந்தப் பெயரைத்தான் கீழே போடுவான். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அவன் எழுதிய எல்லாவற்றையும் கசங்காமல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அரசாங்கத்தையும் எங்கள் பக்கத்தில் துவக்கு ஏந்திய இயக்கத்தையும் ஒருசேரக் கேள்வி கேட்டதால் ஊரை விட்டு ஓடி வந்தவன் அவன். ரொறன்ரோவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான். ஞாயிறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டில் அவனைப் போன்ற சிலர் ஒரு சிறிய கட்சியாய்க் கூடுவார்கள். ஊரில் சனம் பயமில்லாமல் வாக்குப்போட வேண்டும் என்று மாதம் ஒரு பத்திரிகை அடித்தார்கள். மற்றவர்கள் புனைபெயரில் எழுதினார்கள்.

1997 மாசியில், அகஸ்ரின் பத்திரிகையைக் கொண்டுபோன தமிழ்க் கடையில், இயக்கத்துக்கு வேண்டிய முதலாளி அவனிடம் கேட்டார்.

"தம்பி, உம்மட இளையவர் மல்லாவியிலதானே? சுகமாய் இருக்கிறாரோ?"

"ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

பத்திரிகையை அவர் வாங்கவில்லை.

எங்கள் இளையவன் எட்வேட் அம்மாவோடு, இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில், மல்லாவி என்ற ஊரில் இருந்தான். அம்மா இயக்கத்திடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்துதான் எங்களுக்கு ரெலிபோன் எடுப்பார். யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்பதால் எங்களுக்கென்று சில சொற்கள் வைத்திருந்தோம். மழை என்றால் ஷெல்லடி. காய்ச்சல் என்றால் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

பங்குனியில் அம்மா எடுத்தார். "எட்வேட்டுக்குக் காய்ச்சலடா மோனே. நீதான் ஏதும் செய்யவேணும்." லைன் அறுந்துவிட்டது.

அகஸ்ரினுக்கு விளங்கியது. எனக்கும் அப்படித்தான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு, விலகுகிறேன் என்றான். கூட்டத்தில் மூத்தவரான இராஜரட்ணம் அண்ணை அவனைப் பார்த்தார்.

"நீரும் போனா மிச்சம் புனைபேருகள்தான். அதுகளை வைச்சு ஒரு கட்சி நடத்தேலுமே?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

தான் எழுதியதெல்லாம் பிழை என்று அகஸ்ரின் அந்த மாத இதழில் முழுப்பெயரோடு எழுதினான். அந்த ஒரு இதழைக் கடைக்காரர் காசு வாங்கும் மேசையிலேயே அடுக்கி வைத்தார். "இப்பதான் வடிவாய் எழுதியிருக்கிறீர்."

சித்திரையில் அம்மா திரும்பவும் எடுத்தார். எட்வேட் இறந்துவிட்டான். மலேரியா. அவனை யாரும் பிடிக்கவில்லை. அரசாங்கம் வன்னிக்கு மருந்தை விடாததால் ஆஸ்பத்திரியில் மலேரியாக் குளிசை இல்லை.

"காய்ச்சல் எண்டு சொன்னனேடா. மருந்து அனுப்புவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ரிசீவர் அகஸ்ரினின் கையில் இருந்தது. "அம்மா, நான் திரும்ப எழுதட்டோ?" என்று கேட்டான்.

"எழுது மோனே. என்னட்டை இனி ஆரைப் பிடிக்கிறது?"

வன்னிக்கு மருந்தை விடச் சொல்லி அரசாங்கத்தையும், சனத்தைப் பேச விடச் சொல்லி இயக்கத்தையும் கேட்டு எழுதினான். கீழே முழுப்பெயர். அந்த இதழையும் கடைக்காரர் வாங்கவில்லை.