இரண்டு பொட்டலம் சிப்ஸ்

குற்றாலம் ஐந்தருவிக் கடையில் தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் வாசம். மகள் கையை இழுத்தாள். இவள் பிறந்தபோது பிரசவச் செலவுக்கு மதினியிடம் வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. தயங்கினேன்.

சிறுவயதில், அப்பாவோடு தென்காசிக்குக் கடன் அடைக்கப் போகும்போதும் இதே வாசம்தான். கடன் கொடுத்தவரிடம் அப்பா தவணையில் பத்து ரூபாயைக் குறைத்தே நீட்டுவார்.

"பிள்ளைக்குச் சிப்ஸ் வாங்கணும், அண்ணாச்சி."

"உம்ம மவ வாயாலதான் என் கடன் இழுக்குது வே!" அவர் சிரித்தபடி குறித்துக்கொள்வார்.

அந்தக் கடன் இரண்டு மாதம் தள்ளித் தீர்ந்தது. ஆனாலும் தீர்ந்துவிட்டது.

மதினிக்குப் போன் செய்தேன். "இந்த மாசம் அம்பது ரூவா குறையும் மதினி. பிள்ளை சிப்ஸ் கேக்கா."

"இதுக்குப் போயா பயப்படுத? எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கு ஏட்டி. அதையும் கழிச்சிக்கோ!"

கடைக்காரரிடம் இரண்டு விரல்களைக் காட்டினேன்.