‘ஞா’ என்று எழுதிய பழம்

தாண்டிக்குடி பஸ் நிறுத்தத்தில் பட்டர் ஃப்ரூட் விற்ற அந்த அம்மா, ஆண்கள் போடும் கம்பளிக் குல்லா போட்டிருந்தார். கனிந்ததாக ஆறு கேட்டேன். தர மறுத்துவிட்டார்.

“ஆறையும் இன்னைக்கே திம்பீங்களா? மிச்சம் அழுகிக் குப்பைக்குத்தானே போகும்?”

என் வீட்டில் வாராவாரம் நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது!

ஒவ்வொரு பழத்தையும் காதருகே குலுக்கினார். உள்ளே கொட்டை என்ன சொன்னதோ, ஆறைப் பொறுக்கி, தோலில் சாக்பீஸால் செ, பு, வி என்று ஞாயிறுவரை எழுதினார்.

“அந்தந்த நாளைக்கு அறுங்க. வெரசா அறுத்தாக் கசந்துரும்.”

ஐந்தும் சொன்ன நாளில் வெண்ணெயாய்க் கனிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பழத்தைத்தான், கல்லாகக் கிடக்கிறதே என்று சந்தேகப்பட்டு வெள்ளியன்றே அறுத்தேன். கசந்தது.

அந்த வாரம் குப்பைக்குப் போனது அது ஒன்றுதான். தோலில் ‘ஞா’ அழியாமல் இருந்தது.