நீளக் கைப்பிடி

சிறுவயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இடக்கை சூம்பிப்போனது. வலக்கையும் அவ்வளவு பலமில்லை. காஜிர்சர் பள்ளிவாசலுக்கு மோதினாராக வந்த புதிதில், வாசலில் இருந்த அடிகுழாயை அழுத்தி தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுத்தொட்டியை நிரப்புவதற்குள் பாங்கு சொல்ல மூச்சு மிஞ்சாது. ஒரு நாள் அசர் தொழுகைக்கு முன்னால் போய் அழுத்தினால், கைப்பிடி பூப்போல இறங்கியது. அல்லாஹ் தெம்பு கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து மாதம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கொல்லர்தான் சொன்னார்.

"தெம்பாவது! மொக்சேத் மிஸ்திரி வந்து பழசைவிட ஒரு முழம் நீளமா புதுக் கைப்பிடி அடிச்சு வாங்கிட்டுப் போனாரே, தெரியாதா?"

மொக்சேத் அலியிடம் கேட்டேன். "பழசு தேஞ்சிருந்துச்சு பாய்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றார்.

எங்கள் பக்கத்தில் அடிகுழாய் இறக்குகிறவர் அவர். மூங்கில் சாரத்தின் மேல் உட்கார்ந்து, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். கீழே இரண்டு பேர் குழாயை ஏற்றி இறக்க, சேறு பீறிக்கொண்டு வரும். நல்ல தண்ணீர் வந்ததும் அதில் கொய்யா இலையைக் கசக்கிப் போடுவார். கறுத்தால் இரும்புத் தண்ணீர், வேறு ஆழம் பார்க்க வேண்டும். கறுக்காவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் மிடறை அவரே குடிப்பார்.

பள்ளிவாசல் குழாயை அவர் தம் தாயார் மவுத்தான நாற்பதாம் நாள், தாயார் பேரில் இறக்கினார். அதில் ஒருவர் தாகம் தீர்க்கும்வரை அந்த நன்மை கபுருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இலை கறுக்கவே கறுக்காத தண்ணீர். அதில் வடித்த சோறு மல்லிகைபோல் இருக்கும். பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் குடத்தோடு வருவார்கள்.

பதினாலு வருஷம் கழித்து, சுகாதார ஆபீசிலிருந்து ரெஹானா என்ற பெண் வந்தாள். ஒரு சின்னப் புட்டி, சில காகிதத் துண்டுகள், பச்சையும் சிவப்புமாக இரண்டு பெயின்ட் டப்பா. குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தாள்; காகிதம் பழுப்பாக மாறியது. குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் குழாயின் வாயில் சிவப்பைப் பூசினாள்.

"ஆர்சனிக். மண்ணுக்குள்ளேயே கிடக்கிற நஞ்சு. ருசி கிடையாது, வாசனை கிடையாது" என்றாள்.

மொக்சேத் சிரித்தார். "கொய்யா இலை கறுக்கலையே தங்கச்சி. உன் காகிதத்துக்குத்தான் கண்ணு தெரியல."

"இலை இரும்பைத்தான் காட்டும் சாச்சா, இதைக் காட்டாது. உள்ளங்கையை விரிங்க பார்ப்போம்."

விரித்தார். பருப்பை இறைத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இது தொழில் கொடுத்த காய்ப்பு. இருபத்தஞ்சு வருஷமா இரும்பை மூடித் திறந்த கை!"

குடத்தோடு நின்றிருந்த அவர் மனைவி ஜொபேதா தம் கையை நீட்டினார். அதே முடிச்சுகள்.

"நீ எப்போ குழாய் பிடிச்சே?" என்று கேட்டார் மொக்சேத். கேட்ட வாய் மூடவில்லை.

மூன்று நாள் அவரைக் காணோம். வியாழக்கிழமை வந்து பள்ளிவாசல் படியில் உட்கார்ந்தார்.

"அம்மா பேருல இறக்கினது பாய். அடைச்சா அவளுக்குப் போறது நின்னுடுமா?"

"நான் பாங்கு சொல்றவன். தீர்ப்புச் சொல்ற படிப்பு எனக்கில்ல. இமாம் சாகிபைக் கேளுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "அம்மா கஞ்சி குடுக்கறப்போ, ஊதித் தன் உதட்டுல வெச்சுப் பார்த்துட்டுத்தான் எனக்குக் குடுப்பா" என்றார்.

மறுநாள் ஜும்மாவுக்கு முன்னால் ஸ்பானரோடு வந்து கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தார். கூட்டம் கூடிவிட்டது.

"இதைக் குடிச்சுத்தான் நாலு பெத்தேன். நாலும் எருமைக்கடா மாதிரி நிக்குது!" என்று கத்தினாள் எதிர்வீட்டு ஹாசினா.

"நிக்கட்டும் மதினி. இன்னும் அம்பது வருஷம் நிக்கட்டும்னுதான் கழட்டுறேன்."

"தண்ணிய மறிக்க நீ என்ன யஜீதா?" என்றது ஒரு குரல். கர்பலாவில் தாகத்தோடு நின்றவர்களுக்கு ஆற்றை மறித்தவன் யஜீத். எங்களிடம் அதைவிடப் பெரிய வசவு இல்லை. மொக்சேத்தின் ஸ்பானர் நழுவி விழுந்தது. எடுத்துக் கடைசி மரையையும் கழற்றினார்.

அதோடு விடவில்லை. அவர் இறக்கியதில் சிவப்பு வாங்கிய குழாய்கள் இருபத்து மூன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தாமே போய்ச் சொன்னார். சில வீட்டில் வெற்றிலைகூட நீட்டவில்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் சணல் வயலைத் தாண்டி, பள்ளிக்கூடத்து ஆழ்குழாய்க்குக் குடம் தூக்கினார்கள். அது பச்சை. ஒளுவுக்குக் குளம் இருந்தது. தொழ வருகிறவர்கள் குடிக்கும் தண்ணீருக்கு நானும் அங்கேதான் போக வேண்டும். கைப்பிடி குட்டை, முரடு. பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவேன்.

இரண்டு வருஷத்தில் மொக்சேத்தின் பாதம் வெடித்து நடக்க முடியாமல் போனது. விரலில் வந்த புண் ஆறவில்லை. டாக்காவுக்குக் கொண்டுபோய் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். போனவர் திரும்பவில்லை, நோய் நெஞ்சுக்குள் போய்விட்டதாம். இன்னா லில்லாஹி. ஜொபேதாவின் கை முடிச்சுகள், பச்சைக் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கியபின் ஓரளவு தணிந்திருக்கின்றன. தினமும் அவரைக் குழாயடியில் பார்க்கிறேன்.

மகனோடு டாக்காவுக்கு லாஞ்சு ஏறப் போன அன்று காலையில், மொக்சேத் தடியை ஊன்றிச் சணல் வயலைத் தாண்டி, நான் நின்றிருந்த பள்ளிக்கூடத்துக் குழாயடிக்கு வந்தார். கக்கத்தில் ஒரு சாக்கு. அதற்குள் பள்ளிவாசல் கைப்பிடி. மகனை விடாமல், உட்கார்ந்து உட்கார்ந்து தாமே மாட்டினார். அழுத்திப் பார்த்தேன். பூப்போல இறங்கியது.

"இந்த நிலைமையில என்னத்துக்கு இதெல்லாம்?" என்றேன்.

"பழசு தேஞ்சிருந்துச்சு பாய்" என்றார். "ஜொபேதா வருவா. ரெண்டு குடம் அடிச்சுக் குடுங்க."