அக்காவின் மாடியில் நோய் மண்

கத்திரிச் செடி வாடிச் சாவதைப் பார்க்காதவர்களுக்கு அது சாவு என்றே தோன்றாது. இலை மஞ்சளாகாது, புள்ளி விழாது, பூச்சியும் இருக்காது. நேற்றுவரை பூவும் பிஞ்சுமாக நின்ற செடி இன்று உச்சி வெயிலில் தலையைத் தொங்கப்போடும். தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். மறுநாள் நிமிராது. பச்சை மாறாமலே கதை முடிந்துவிடும். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் ஒரு பாக்டீரியாவின் வேலை அது. திருவனந்தபுரத்து ஈர மண்ணில் அதற்கு நல்ல வாழ்வு.

கரமனையில் ஆற்றோரம் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு மாடியில் அக்கா பைகளில் மண் நிரப்பிக் கத்திரி வளர்த்தாள். அப்பா சாலை என்று பெயர்கொண்ட பெரிய கடைத்தெருவில் சுமை தூக்கவென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் மட்டும்தான். அக்கா பாதியில் நின்று, அதே கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலைக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. அவள் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். நிற்பதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை வீட்டில் ஒரு ஜோக் மாதிரித்தான் திரும்பச் சொன்னாள்.

அவள் காயை ஆரியசாலையில் ஒரு சைவ ஓட்டல்காரர் பார்த்தார். சின்னதாய், கருநீலமாய், எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு வாகான காய். நாள் தவறாமல் கொடுத்தால் முழுசும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்து வீட்டு மாடியையும் சேர்த்துக்கொண்டால் கடைக்குப் போக வேண்டியதில்லை என்று அக்கா முடிவுகட்டினாள். அதற்குள் பைகளில் பாதிச் செடி வாடிவிட்டது. அவள் அசரவில்லை. எல்லா மண்ணையும் கொட்டிவிட்டுப் புதுச் செம்மண் இறக்க ஒரு டெம்போக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் காய்கறி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். இந்த நோயைத் தாங்கும் கத்திரியை உருவாக்குவதுதான் எங்கள் வேலை. நாற்று இலை விரிந்ததும் ஒரு பொட்டுக் கிள்ளி அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, நோயைத் தாங்கும் மரபணு அதில் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் தொட்டிக்கு, இல்லாவிட்டால் குப்பைக்கு. முன்பெல்லாம் நோய் மண்ணில் நட்டு, எது சாகிறது எது பிழைக்கிறது என்று காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றிலேயே தெரிந்துவிடும். இதை நான் வீட்டில் விளக்கியதை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், என் மகன் செடிக்கு ஜாதகம் பார்க்கிறான் என்று.

எங்கள் செடிகள் ஆராய்ச்சிக்கூடத்துத் தோட்டத்தில் நன்றாக நின்றன. அடுத்து, வெளியே சில வீட்டு மாடிகளில், ஏற்கெனவே செடி செத்த மண்ணில் நட்டுப் பார்க்க வேண்டும். நான் எங்கள் மாடியைச் சொன்னேன். எங்கள் வழிகாட்டியான சாருக்குச் சந்தோஷம். ஒரே நிபந்தனை, மண்ணை மாற்றக் கூடாது.

டெம்போவை வேண்டாம் என்று சொல்லச் சொன்னபோது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்ல மண்ணுல வச்சா எந்தச் செடியும்தான் நிக்கும்க்கா. இதுல நின்னாத்தான் நாங்க ஜெயிச்சோம்னு அர்த்தம்.”

“நீங்க ஜெயிக்கது இருக்கட்டும்லே. என் கத்திரிக்கா நிக்குமா?”

நிற்கும் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. நம் செடிகளுக்கு நடுவே சாதாரணக் கத்திரியும் நட வேண்டும். அது செத்தால்தான் மண்ணில் நோய் இருப்பது உறுதியாகும். அக்காவின் பழைய கத்திரியையே நட்டோம். அவை ஒவ்வொன்றாக விழுந்தன. எங்கள் செடிகள் அசையாமல் நின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். தன் செடி சாகச் சாகத் தம்பி போட்டோ எடுத்துக் கொண்டாடுகிறான், இப்படியொரு படிப்பா என்று அக்கா கேலி பண்ணினாள். ஆனால் அவளும்தான் சந்தோஷமாக இருந்தாள். முதல் காய்களை ஓட்டல்காரர் வாங்கிக்கொண்டார். ஓணம் முடிகிறவரை எந்த ஜவுளிக்கடையும் ஆளை விடாது. ஓணம் முடிந்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டாள்.

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை தொடங்கியது. பகலில் கொதிக்கிற வெயில், சாயங்காலம் இடியோடு மழை. ஒரு மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். ஒரு செடி தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது, தண்ணீர் காணாது போல என்றாள். பைகளில் மழைத்தண்ணீர் நின்றுகொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

நான் வந்து தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் தொங்கவிட்டேன். நோய் இருந்தால் அறுத்த இடத்திலிருந்து பால் போல ஒரு நூல் இறங்கும். மூவரும் அடுப்படியில் நின்று பார்த்தோம். வெள்ளையாக, மெலிசாக, நேரே கீழே இறங்கியது. அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. பார்க்க அழகா இருக்கே மக்கா என்றாள். அக்கா மாடிக்குப் போனாள்.

பிறகு வரிசையாக எல்லாம் விழுந்தன. செத்த ஒவ்வொரு செடியின் இலையையும் மறுபடி சோதித்தேன். எல்லாவற்றிலும் மரபணு இருந்தது. தப்பு அதில் இல்லை. எங்கள் தோட்டத்தில் இருந்த பாக்டீரியாவைத் தாங்கத்தான் அந்த மரபணுவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மாடி மண்ணில் அதே இனத்தில் வேறொரு வகையும் கொஞ்சம் இருந்திருக்கிறது, மழை ஈரத்தில் அதுதான் பெருகிவிட்டது. ஓட்டல்காரர் சில நாள் பார்த்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரியிடமே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, சாம்பாருக்குக் காய் வேண்டும்.

சாரிடம் தலையைக் குனிந்துகொண்டுதான் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இது தோல்வி இல்லை, நம் மரபணுவை உடைக்கும் பாக்டீரியா இந்த ஊரிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாய், இதுதான் பெரிய ரிசல்ட் என்றார் மலையாளத்தில். அவர் சொன்னது சரி. இந்த மண்ணில் சோதிக்காமல் விதையை வெளியே விட்டிருந்தால் எத்தனையோ பேர் தோட்டம் போயிருக்கும். எனக்கு இன்றும் அதில் சந்தேகமில்லை. அப்போதும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் இப்போது என்னவோ போல இருக்கிறது.

அந்த மண் இப்போது விலைமதிப்பானது, அடுத்த நாற்றுகளையும் அதிலேயே சோதிக்க வேண்டும், பைகளை அப்படியே வைத்திருக்கச் சொல் என்றார் சார்.

நான் வீட்டுக்குப் போனபோது அக்கா ஜவுளிக்கடைச் சீருடைச் சேலைக்கு மடிப்புப் பிடித்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். பழைய கடையிலேயே திரும்ப வேலை கேட்டிருந்தாள். உள்ளே இடமில்லையாம். வாசலில் நின்று ஆள் கூப்பிடும் வேலைதான் இருந்ததாம். நான் மண் விஷயத்தைச் சொன்னேன்.

“மண்ணுதானே, கிடந்துட்டுப் போகட்டும்,” என்றாள். “சும்மாதானே கிடக்கு, கொஞ்சம் கீரையாவது தூவட்டா?”

கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. வேறு செடி வைத்தால் மண்ணில் இருக்கும் கிருமி குறைந்துபோகும், சோதனை கெட்டுவிடும் என்றேன்.

“அப்போ இனி வைக்கப்போறதாவது நிக்குமாலே?”

தெரியாதுக்கா என்றேன்.

“ஷரி. தெரிஞ்சா சொல்லு,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப்போனாள். நான் மாடிக்குப் போய், ஒன்றும் முளைக்காத பைகளுக்கு மண் காய்ந்து கிருமி செத்துவிடாதபடி தண்ணீர் தெளித்தேன்.