கிணற்றடியால் போன தண்டவாளம்

பிள்ளைகளே, பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பழைய காலத்துத் திருகோணமலை ஸ்டேசனை அப்படியே செய்ய வேண்டும் என்று நீங்கள் இருவரும் பிடிவாதமாக நின்றது நினைவிருக்கும். நானும் ரயில் பெட்டியின் நிறத்தில் இருந்து தண்ணீர்த் தாங்கியின் கால் வரை விசாரித்துத் திரிந்தேன். கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான்: ஸ்டேசனில் இருந்து துறைமுகப் பக்கம் பிரிந்துபோன கிளைப்பாதை. நூலகத்துப் பழைய வரைபடத்தில் அது ஒரு கோடாக மட்டும் இருந்தது. எங்கே வளைந்தது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

தண்டவாளத்தைக் கழற்றிப் பல காலம். ஆனால் அது போன இடத்தில் இருந்த குறுகிய ஒழுங்கை மட்டும் பக்கத்து வளவுகளைவிட மேடாகக் கிடந்தது. மண்ணைக் காலால் கிளறினால் கருங்கல் சல்லி. ஒரு வேலியில் துண்டுத் தண்டவாளமே கம்பமாக நின்றது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இழுத்து அளந்தேன், போனில் படம் எடுத்தேன். வேலிப் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்ததைக் கவனிக்கவில்லை.

ஓட்டோ கழுவிக்கொண்டிருந்த ஒருவர்தான் முதலில் கேட்டார்.

"அண்ணை எந்தக் கந்தோர்?"

"நான் அரசாங்கக் கந்தோர் ஆள் இல்லை. பிள்ளையளுக்கு ரயில் செய்யிறன். சின்ன மொடல்."

அவர் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "கேட்டீங்களோ, இவருக்கு விளையாட்டு ரயில் விட எங்கட வீட்டு முத்தம் வேணுமாம்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அது நம்பிச் சிரித்த சிரிப்பு இல்லை. அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் காணி உறுதி கிடையாது, அது ரயில் பாதை நிலம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே டேப் பிடிக்கிறவன் வீட்டைக் கழற்ற வருகிறவன். நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்த ஒழுங்கையில் இருக்கிற ஓர் அக்கா வீட்டை விசாரித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். பொலித்தீன் பைக்குள் கரண்ட் பில்களை மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, ஒரு மாசமும் விடாமக் கட்டினனாங்கள். எங்களை எழும்பச் சொல்லப் போறாங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ, நான் சத்தம் போடமாட்டன்."

வேறு வழி தெரியாமல் உள்ளே கூட்டிப்போய், நான் அளந்துவந்தபடி கிளைப்பாதையும் ஒட்டி முடித்திருந்த நம் மொடல் மேசையைக் காட்டினேன். குட்டி எஞ்சினைக் கண்டதும் அவர் முகம் இளகியது. "மெய்யாவே ரயில்தான்!" என்றார். பிறகு அவர் விரல் கிளைப்பாதை வழியே மெதுவாகப் போனது. வளைவில் நின்றது.

"இது எங்கட கிணத்தடி. இஞ்சால நான் சமைக்கிற குசினிக்குள்ளால போகுது."

"அது அந்தக் காலத்தில அக்கா. இப்ப இல்லை."

"இப்ப இல்லாததை ஏன் தம்பி இவ்வளவு வடிவாக் காட்டுறீங்கள்?"

கண்காட்சிக்கு ஆரார் வருவினம் என்று கேட்டார். ஸ்டேசன் ஆட்களுக்கும் சொல்லியிருக்கினம் என்றேன். பொய் சொல்ல ஏலவில்லை. அவர் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். ஊற்றிய தேத்தண்ணி ஆறியது.

"கோவிக்காதேங்கோ. இந்த ஒரு கோடு இல்லாம உங்கட ரயில் ஓட ஏலாதோ?"

பார்ப்பம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒட்டுப்பலகையில் செய்த பாதையைப் பார்த்து யாராவது வீட்டை உடைப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வரைபடம் நூலகத்தில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. ஆனாலும், பயப்படாதீங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறவன் நான் இல்லையே. இன்னொரு பக்கம் நீங்கள். தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகளுக்காகத் தென்னை ஈர்க்கிலை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியவர்கள். "சரியா இருக்கா அப்பா?" என்று எத்தனை தரம் கேட்டீர்கள்! சரியாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பயம். உங்களிடம் முதலில் கேட்டிருக்கலாம். வகுப்பில் போய்க் கதைத்துவிடுவீர்களோ என்று அதற்கும் பயந்தேன்.

அடுத்த நாள் நீங்கள் டியூசனுக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். பழைய கத்தியொன்றைக் கீழே கொடுத்துக் கிளைப்பாதையைக் கிளப்பினேன். ஈர்க்கில்கள் பசையோடு உடைந்து வந்தன. ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே மணல் தூவினேன். காய்ந்தபின் குனிந்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இன்னும் இலேசாகத் தெரிந்தது. இன்னொரு கைப்பிடி மணலை அள்ளிப் போட்டேன்.