கொழும்பு, கொழும்பு, கொழும்பு

சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்கள் என்று வானொலியில் சொன்ன வாரம், நான் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். என் கணவர் சரக்குக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். கப்பல் அப்போது லண்டனில் நின்றது.

கம்ப்யூட்டர் படிக்கும் கார்டுகளில் துளையிடும் வேலைக்குத்தான் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அங்கேயே மாலையில் வகுப்பு. அன்றைய பாடம் பட்டியல்: பெயர்களை வரிசையாக வைத்து, இட எண்ணைச் சொல்லி எடுப்பது. மற்றவர்கள் பழங்களையும் கிழமைகளையும் எழுதினார்கள். நான் அவர் வழக்கமாகத் திரும்பி வரும் வழியை எழுதினேன். லண்டன், ஏடன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர். ஐந்தாம் எண்ணைக் கேட்டால் சிங்கப்பூர் வரும். அதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றியது.

பிறகு அவர் கடிதம் வந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறோம், கேப் டவுன், டர்பன் தொட்டுத்தான் கொழும்பு, தாமதமாகும், கவலைப்படாதே என்று எழுதியிருந்தார். கேம்பல் லேனில் எங்கள் மாடியறையில் அதைப் படித்துவிட்டு, உலையில் அரிசி போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஏடன் இருந்த இடத்தில் கேப் டவுனைப் போட்டேன். டர்பனுக்கு இடமில்லை. பின்னால் இருப்பவற்றை ஒவ்வோர் இடம் தள்ளினால்தான் நுழைக்கலாம். கொழும்பில் தொடங்கித் தள்ளும்படி எழுதி, கார்டுக் கட்டைக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்தேன். அச்சாகி வந்த தாளில் டர்பனுக்குக் கீழே கொழும்பு, கொழும்பு, கொழும்பு என்றிருந்தது. பினாங்கு இல்லை. சிங்கப்பூரும் இல்லை. பிழை என்னுடையதுதான் என்று தெரிந்தும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பக்கத்து மேசைக்காரி இங்கே காத்தோங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, முன்னுக்கிருந்து தள்ளியிருக்கிறியள். கொழும்பு போய் பினாங்கின்ட இடத்தில ஏறினா பினாங்கு அழிஞ்சிரும் லா. பிறகு அதே கொழும்பு சிங்கப்பூரையும் அழிச்சிரும்."

"அப்ப எப்படிச் செய்றது?"

"கடைசியில இருந்து வாங்கோ. முதல்ல சிங்கப்பூரைத் தள்ளுங்கோ."

"சிங்கப்பூர் இன்னும் தள்ளிப் போகணுமா?" என்றேன். அவள் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இருவருமாகத் திருத்தினோம். இந்த முறை எல்லா ஊர்களும் வந்தன. சிங்கப்பூர் ஆறாவதாக, அடியில் நின்றது. வகுப்பில் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷந்தான், ஆனாலும் அந்த ஆறைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு மழைநாளில் அவர் வந்தார். கிளிஃபர்ட் படகுத்துறையில் இளைத்துக் கறுத்து இறங்கினார். வீட்டில் திருத்திய தாளைக் காட்டினேன். விரலால் தொட்டுக்கொண்டே வந்து கேப் டவுனில் நிறுத்தினார்.

"இங்க அலை பயங்கரம். கப்பல் திரும்பாதுன்னே நினைச்சோம்."

கடிதத்தில் இதை அவர் எழுதவில்லை.

"சிங்கப்பூருக்கு அப்புறம் ஒண்ணும் போடலியே?" என்றார்.

"போதும். இங்கேயே இருங்க."

சிரித்தார். அடுத்த மாதம் வேறு கப்பல் அழைத்தது, போனார்.

அதன் பிறகு வகுப்பில் பட்டியலுக்கு நான் ஊர்ப் பெயர்களை எடுக்கவில்லை. தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் காய்கறிகளை எழுதினேன்.