சந்தனம் பூசிய துப்பாக்கி

ஆயுத பூஜை அன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணன் ஒரு படம் போடுவான். ஸ்கூட்டர், லேப்டாப், மிக்சி எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பாவின் துப்பாக்கி. அதற்கு ஈரம் சொட்டும் செவ்வந்தி மாலை. இரும்பின் மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழே கும்பிடு பொம்மை போடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

தாமிரபரணிக் கரையில் எங்கள் வயலில் பன்றி இறங்குகிறது என்று அப்பா லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி அது. வெளிநாட்டில் செய்த பழைய பம்ப் ஆக்‌ஷன். ஊரில் மற்றவர்கள் வைத்திருந்த ரெட்டைக்குழல் எல்லாம் உலக்கைக் கனம். அந்த நினைப்பில் இதைத் தூக்கினால் கை ஏமாந்துபோகும், அவ்வளவு லேசு. ஒற்றைக் குழல். அதன் அடியில் தோட்டாக்களை வைக்கும் மெல்லிய குழாய். அந்தக் குழாயின் மேல், வளையம் வளையமாகக் கடைந்த ஒரு மரப்பிடி. பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். சத்தம்கூட உரக்க வராது, நல்ல பீரோவின் பூட்டு விழுகிற மாதிரிதான் வரும்.

அதன் அழகு இன்னொரு இடத்தில் இருந்தது. பல துப்பாக்கிகளில் வெடித்த தோட்டாவின் கூடு பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தெறிக்கும். இதில் அடிவழியாகக் காலருகே விழும். அதனால் இரண்டு பக்கமும் ஓட்டையே இல்லாத வழவழப்பான இரும்பு. அந்த இரும்பில் நாணலுக்கு மேல் பறக்கும் வாத்துகளைப் பொறித்திருந்தான் எவனோ ஒரு மகராசன். இறகு இறகாகத் தெரியும். இரும்பின் நிறத்தைக் கறுப்பு என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. நாவல் பழத்தைத் துணியால் துடைத்தால் ஒரு நிறம் வருமே, அது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது அப்பா சொல்லிக்கொடுத்ததால் இல்லை. அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், பன்றி ஓடும், அவர் வேலை முடிந்தது. சுட்ட பிறகு துடைத்து எண்ணெய் போட வேண்டும். துடைப்பது, கழுவுவது எல்லாம் எங்கள் வீட்டில் பொம்பளை வேலை. அதனால் பாத்திரத்தோடு பாத்திரமாக அதுவும் என்னிடம் வந்தது. அண்ணனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் நாற்றம் என்பான். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அந்தத் துப்பாக்கியைப் போல வேறு எந்தப் பொருள் மேலும் நான் ஆசைப்பட்டதில்லை, நகை உட்பட.

அப்பா போன பிறகு லைசென்ஸை யார் பெயருக்கு மாற்றுவது என்ற பேச்சு வந்தது. என் பெயருக்கு என்றேன். அம்மா சிரித்தாள். பிறகு நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் கோபம் வந்தது.

"ஏளா, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு துவக்கு? மாமியா வீட்டுல என்ன நெனப்பாவ?"

"நான் கேட்டுக்கிடுதேன் அவியகிட்ட."

"அண்ணன்கிட்ட இருந்தா அப்பா இருந்த மாதிரி. கையெழுத்தப் போடு."

ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தால் வேறென்ன செய்வது?

அண்ணன் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்கு கிளியரிங் பார்க்கிறவன். தூத்துக்குடியில் பீச் ரோட்டுப் பக்கம் வீடு. கடல் காற்றில் கேட்டுக் கீல்கூட இற்றுவிடும். நானும் அதே ஊரில்தான், உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எங்கள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். அதனால் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். மாதம் ஒரு தடவை வந்து துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"லைசென்ஸ் எம் பேர்ல இருக்கு. வேற ஆளு தொடக்கூடாது. சட்டம்லா," என்றான்.

நான் துடைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அப்பா பெயரில்தான் லைசென்ஸ் இருந்தது. அப்போது எங்கே போயிருந்தது இந்தச் சட்டம்?

முதல் ஆயுத பூஜைப் படம் வந்த அன்றே போன் செய்தேன். பூஜை முடிந்ததும் சந்தனத்தைத் துடைத்துவிடு, ஈரம் நின்றால் இரும்பைத் தின்றுவிடும் என்றேன்.

"அப்பாவுக்கு வச்ச சந்தனத்த அழிக்கச் சொல்லுதியா? ஒனக்கு மனசு வருதா?"

அவனுக்கு அது துப்பாக்கி இல்லை, சாமியாகிவிட்டது. சாமிக்கு எண்ணெய் போட வேண்டாம். வருடத்துக்கு ஒருநாள் கும்பிட்டுப் பூட்டி வைத்தால் போதும். பழைய சந்தனத்தின் மேலேயே அடுத்த வருடச் சந்தனம் ஏறியது. அண்ணிக்குத் துப்பாக்கி என்றாலே பயம், கிட்டப் போக மாட்டாள்.

இந்தத் தேர்தலுக்கு வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். முந்தைய தடவைகளில் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை புதிதாக வந்திருந்த ரைட்டர், உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டினால்தான் வாங்குவேன் என்றுவிட்டார். அண்ணனுக்குத் திறக்கத் தெரியவில்லை. அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது.

"கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வாளா. நீதான இதெல்லாம் தெரிஞ்சவ."

டவுன் பஸ் பிடித்துப் போனேன். மேசை மேல் கிடந்தது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, விசைக்கு முன்னாலிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடியை இழுத்தேன். அசையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்தார். அதை விட்டு, பொறுத்திருந்து, மறுபடி இழுத்தேன். கரகரவென்று பாதி வந்து நின்றது. தோட்டா இல்லை என்பது தெரிந்தது. பிறகு பிடி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். அது பொருக்காகப் பெயர்ந்தது. அடியில் மூன்று விரல் அகலத்துக்கு மூன்று பள்ளம், செங்கல் நிறத்தில். வாத்துகளைத் தேடினேன். ஒரு சிறகின் நுனி மட்டும் இருந்தது.

"ரொம்ப பக்தியா வச்சிருக்கிய அண்ணாச்சி," என்றார் ரைட்டர். கிண்டல்தான். அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதையோ பெரிதாகக் கொடுக்கப் போகிறவனின் குரலில் பேசினான்.

"எனக்கு இந்த அலைச்சல் ஆகாது. எலெக்‌ஷன் முடியட்டும், ஒம் பேருக்கே மாத்தித் தாரேன். ஒனக்குத்தான ஆச."

"தொடைக்கவாவது விட்டிருக்கலாம்லா அண்ணே."

"அதான் இப்ப மொத்தமா தாரேங்கேன்லா."

என் ஆயுசில் நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. அம்மா சொல்லியிருக்க வேண்டும், அப்பா சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் இவன் சொன்னான், இப்படி ஆன பிறகு. கை நகத்தில் சந்தனமும் துருவும் ஒட்டியிருந்தன.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

துப்பாக்கியைப் பாழாக்கியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தான் பாருங்கள், அதை மன்னிக்கவே மாட்டேன்.